காலுக்குள் நான்கு விண்ணப்பங்கள்

வங்கிக் காவலாளியின் வலது காலிலிருந்து டாக்டர் முதலில் எடுத்தது குண்டு அல்ல, ஒரு துண்டுக் காகிதம். இடுக்கியில் தூக்கி விளக்கடியில் பிடித்தார். அதில் 'பணிவுடன்' என்று எழுதியிருந்தது.

"என்னங்க இது?"

காவலாளி மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை, பயம்தான் இருந்தது. கட்டிலின் மறுபக்கம் போலீஸ் ஏட்டு நோட்டும் கையுமாக நின்றார். துப்பாக்கி தவறி வெடித்ததா, வேண்டுமென்றே சுட்டுக்கொண்டாரா என்று அவர் எழுதப்போகும் ஒரு வரியில் இருபத்திரண்டு வருட வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஷூ பெருசு டாக்டர். எட்டாம் நம்பர் கேட்டா பத்துதான் இருக்குன்னாங்க. அதான் முன்னாடி பேப்பர் அடைச்சேன்."

"பத்து குடுத்தவருக்கு ஒரு கும்பிடு போடுங்க. குண்டு முக்கால்வாசி வெறும் ஷூவைத்தான் சுட்டிருக்கு. ரெண்டாவது விரல் எலும்புல கொஞ்சம் சிதறியிருக்கு, விரல் பொழைச்சிடும். வர்ற வழியெல்லாம் காசாளரம்மா துண்டால விடாம அமுக்கிட்டே வந்தாங்களாமே? நல்ல காரியம்."

"அது அவங்க துண்டு டாக்டர். அந்தக் கோவத்துல அமுக்கினாங்க."

டாக்டர் உப்புநீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார். காலுறை நூல், சிதறுகுண்டுத் தோட்டாவின் அட்டை அடைப்பு, ஷூவின் தோல், மறுபடி காகிதம். நர்ஸ் காகிதத் துண்டுகளைத் தட்டில் பொறுக்கி வைத்தாள். சும்மா வைக்க மனமில்லாமல் ஒன்றோடொன்று பொருத்தியும் பார்த்தாள். 'மகளைப் பார்க்க'. 'மூன்று நாள் விடு'. சிவப்பு மையில், 'அனுமதி இல்லை'.

ஏட்டு கழுத்தை நீட்டினார். "யோவ், இது லீவு லெட்டரா?"

"நாலு லெட்டர் சார். நாலும் திரும்பி வந்துடுச்சு. தூக்கிப் போட மனசு வரல."

"லீவு தரலைன்னு கால்ல சுட்டுக்கிட்டியா?"

பேனா நோட்டைத் தொட்டது. கதவோரம் நின்றிருந்த மனைவி கட்டிலருகே பாய்ந்து வந்தாள்.

"சார், நிறுத்துங்க! இப்பதான் டெட்டனஸ் ஊசிக்கு சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. இவரா சுட்டுக்குவாரு?"

"நான் அழல," என்றார் காவலாளி.

"ஏங்க, வாயை மூடுங்க. அழுதீங்க."

"அது இருக்கட்டும்மா," என்றார் ஏட்டு. "துப்பாக்கிக் கட்டையைத்தானே எல்லாரும் கீழ ஊணுவாங்க? இவரோட குழல் எதுக்கு ஷூ மேல இருந்துச்சு?"

காவலாளி வாசல் பக்கம் பார்த்தார். மேனேஜர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ரெண்டு டைல்ஸ் போச்சு! போன மாசம் போட்ட தரை. கட்டையை ஊணி ஊணிக் கீறல் போடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

டாக்டர்கூட இடுக்கியை நிறுத்தினார்.

"அப்ப எங்க ஊணச் சொன்னீங்க?" என்றார் ஏட்டு.

"ஷூ மேல வச்சுக்கன்னேன். அதுல என்ன தப்பு?"

"கட்டை வழுக்குது சார்," என்றார் காவலாளி மெல்ல. "அதான் தலைகீழா வச்சேன். நீங்க வந்தீங்களா, சல்யூட்டுக்குக் கையைத் தூக்கினேன். விசில் கயிறு விசையில மாட்டி இழுத்துடுச்சு. வெடிக்காம தடுக்குற பூட்டையும் நான் போடல. அது என் தப்புதான்."

ஏட்டு நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். 'புதிய தரையில் கீறல் விழக்கூடாது என்ற மேலாளரின் உத்தரவை நிறைவேற்றும்போது, துப்பாக்கி தவறுதலாக வெடித்தது.'

"டைல்ஸ் சங்கதியெல்லாம் எழுதணுமா?" என்றார் மேனேஜர்.

"நீங்கதானே சொன்னீங்க? சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

"சார், என் வேலை?" என்றார் காவலாளி.

"நீ வேணும்னு செஞ்சதில்லைன்னு அவரே கையெழுத்துப் போடப்போறார். அப்புறம் அவர் எப்படி உன்னை அனுப்புவார்?"

டாக்டர் கட்டுப் போட ஆரம்பித்தார். "இப்ப தைக்கலம்மா. அழுக்கு உள்ள போன காயம், திறந்தே இருக்கணும். நாலு நாள் கழிச்சுப் பார்த்துத் தைப்பேன். ஆழத்துல மூணு சின்னக் குண்டு இருக்கு. தோண்டினாதான் வம்பு."

"உள்ளயே விட்டுடுவீங்களா?"

"சாப்பாடு கேக்காது, பயப்படாதீங்க."

மேனேஜர் ஏட்டு எழுதிய வரியை மூன்று தடவை படித்துவிட்டுப் பேனாவை வாங்கினார். அவருடைய கையெழுத்து நீளமானது. அதன் கடைசிச் சுழி முடிவதற்குள் கட்டிலிலிருந்து குறட்டை கேட்டது.