மேனேஜர் விடவில்லை

ஜெபாவின் கணவன் பெஞ்சமினுக்கு எதையும் கழற்றத் தெரியும், மாட்டத்தான் வராது. சூடாகிறது என்று சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றியவன், அந்தத் தகட்டின்மேல் இட்லிப் பானையை வைத்துவிட்டான். அன்றிலிருந்து மாமல்லபுரம் கடலோரத்து அந்த வாடகை வீட்டில் கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்து போட்டபடியேதான் ஓடியது.

வீட்டுப் பூனைக்குக் கொண்டாட்டம். ஜெபா நெட்டில் எதைத் திறந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். அதனால் பெயரே மேனேஜர். பட்டனை அழுத்தியதும் உள்ளே விசிறி சுற்றுவதைக் கண்கொட்டாமல் பார்க்கும். ஒருமுறை காலை உள்ளே விட்டு விசிறியில் அடிவாங்கிச் சில நாள் நொண்டியது. பிறகும் விடவில்லை, தள்ளி உட்கார்ந்து பார்த்தது. போன வாரம் பரணில் ஒரே ஒரு குட்டி போட்டிருந்தது.

அன்று மூன்று மணிக்கு ஜெபாவுக்குச் சிறுசேரி கம்பெனி ஒன்றில் ஆன்லைன் நேர்காணல். வேலை போய் ஒரு வருஷம். இதுவும் கைநழுவினால் கூப்பிட ஆளில்லை. புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும், போனில் ஆகாது. அன்றைக்கென்று பார்த்துக் காலையிலிருந்து கரண்ட் இல்லை.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று ஜெபா ஓடினாள். அவளுக்கு முன்னால் மேனேஜர் பாய்ந்து, பட்டனை மறைத்து அதில் முதுகை ஒட்டி நின்றது.

தள்ளினாள்; திரும்ப வந்தது. வெளியே விட்டாள், ஜன்னல் வழியாக வந்தது. கை நீட்டினால் சீறியது. மணிக்கட்டில் கீறலும் விழுந்தது.

"இன்னாங்க, இத்தப் புடிங்க! என் பொழப்புல மண்ணைப் போடுது!"

பெஞ்சமின் குனிந்தவன் அப்படியே நின்றான். "பட்டனத் தொடாத ஜெபா. உள்ள குட்டி கீது பாரு."

விசிறியின் இறக்கைமேல் தலைவைத்துக் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. மதிலில் குட்டியைக் கடிக்கும் கடுவன் பூனை திரிகிறது என்று, கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத் தாய் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

ஜெபா ஆடிப்போனாள். பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், சுற்றினால் அடிக்கும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதற்கு? இவர்கள் வேடிக்கை என்று சிரித்த நாளெல்லாம் அது பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பூனையைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

குட்டியை எடுக்கப் போன பெஞ்சமினுக்கும் சீறல்தான். மூன்று மணி ஆகிவிட்டது. ஜெபா தரையில் உட்கார்ந்து போனிலேயே நேர்காணலுக்குள் நுழைந்தாள்.

"ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க" என்றாள் கேள்வி கேட்க வந்த சுப்ரஜா.

"சிபியுவ ஆன் பண்ண முடியாது மேடம். உள்ள பூனைக்குட்டி தூங்குது."

"காரணம் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

ஜெபா கேமராவைத் திருப்பினாள். காவல் நிற்கும் தாயையும் உள்ளே குட்டியையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

"அதைத் தள்ளிட்டு எடுக்கலாமே?" சுப்ரஜாவின் குரல் இறங்கியிருந்தது.

"எடுக்கலாம் மேடம். மனசு வரல."

மேனேஜர் ஜெபாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே தலைவிட்டுக் குட்டியைக் கழுத்தில் கவ்வியது. நேராக வந்து ஜெபாவின் மடியில் போட்டது. வழக்கமாகத் தள்ளி உட்காரும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

கீறலில் இன்னும் ரத்தம் கசிந்தது. தான் கீறிய அந்தக் கையை நம்பித்தான் கொடுத்திருக்கிறது. ஜெபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்டனை அழுத்தினாள், விசிறி சுற்றியது.

"ஆரம்பிக்கலாமா மேடம்?"

"மெதுவாவே எழுதுங்க ஜெபா" என்றாள் சுப்ரஜா. "குட்டி முழிச்சிடப் போகுது."