பூவந்தி ராணிக்கு எதிரே பாவு நீட்டியது

பெரிய காஞ்சிபுரத்தில் வேலாயுதம் குடியிருந்த நெசவுத் தெருவில் எவன் தறியில் இழை அறுந்தாலும் பழி ஒரு ராணியின் தலையில்தான் விழும். “பூவந்தி பாத்துட்டா” என்பார்கள். அவள் செத்து எத்தனை நூறு வருஷம் ஆயிற்று என்பதில் தெருவுக்குள் ஒற்றுமை கிடையாது. அவள் கெட்டவள் என்பதில் உண்டு.

கல்யாணமாகி அவள் ஊருக்குள் கால் வைத்த அன்று ஏரி உடைந்தது. அந்த வெள்ளத்தில் வாலாஜாபாத்து எருமை ஒன்று மூன்று நாள் நீந்தி இங்கே கரையேறி, அலுத்துக்கொள்ளாமல் பாலும் கறக்க நின்றதாம். அதன் வம்சம் இன்றும் இருக்கிறது, பால் மட்டும் கொஞ்சம் தண்ணீராக இருக்கும். மூன்றாம் மாதம் பகைவன் வந்தான், ராஜா போனான். ஊர் கூடிப் பூவந்தியை ஓரிக்கை வரைக்கும் துரத்தியது. பாலாற்றில் இறங்கினவள் ஏறவில்லை. பிறகு யாருக்கோ மனசு உறுத்தி ஒரு கல் நட்டார்கள். இடுப்புயரக் கல், கை கூப்பிய பெண், மூக்கு இல்லை. அந்தக் கல் வேலாயுதத்தின் வாசலை ஒட்டி நின்றது.

பட்டுப் பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். தறியில் ஏற்றுமுன் அதைத் தெருவில் இருபது கஜத்துக்கு நீட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிச்சுப் போட வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். நாலு வீட்டுக் கைகள் சேர்ந்தால்தான் முடியும். பூவந்தியின் பார்வை படுகிற இடத்தில் பாவு நீட்டினால் ஒரு கையும் வராது. ஆகவே வேலாயுதம் தெருவின் மறுகோடியில் குமாரசாமி வாசலில் இடம் கேட்டு நிற்பார். குமாரசாமி நாலு தறிக்காரர். தன் பாவெல்லாம் முடிந்து, வெயில் முதுகில் உறைக்கும்போதுதான் இடம் விடுவார்.

அறுபத்தாறாம் வருஷம் அதுவும் போயிற்று. குமாரசாமி இன்னும் இரண்டு தறி போட்டார். இனிமேல் வாசலில் இடமில்லை, வேண்டுமானால் உன் தறியை மூடிவிட்டு என் தறியில் வந்து உட்கார் என்று சொல்லிவிட்டார். பதினெட்டு வயதிலிருந்து சொந்தத் தறியில் உட்கார்ந்தவர் வேலாயுதம். வீட்டுக்கு வந்து கல்லை ரொம்ப நேரம் பார்த்தார். ராணி நல்லவளாகிவிட்டால் தன் வாசல் தனக்குக் கிடைக்கும் என்று அவருக்குப் பட்டது. ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

பொய் சொல்வதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சிரிக்க மாட்டார், அவசரப்பட மாட்டார். ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்து டீக்கடையில் டீயை ஆற்றிக்கொண்டே, தன் பாட்டனார் அஸ்திவாரம் தோண்டும்போது ஓர் ஓலைச்சுவடி கிடைத்தது என்றார். இப்போது எங்கே என்று கேட்டார்கள். கறையான் தின்றுவிட்டது. ஆனால் தின்பதற்கு முந்தின நாள் பாட்டனார் முழுக்கப் படித்து முடித்துவிட்டார். ஏரியை உடைத்தவன் மந்திரி. மணக்கோலத்தில் வந்த பூவந்தி பல்லக்கிலிருந்து குதித்து, கட்டியிருந்த முப்பத்திரண்டு கஜக் கூறைப் புடவையைச் சுருட்டி உடைப்பில் அடைத்து, விடியும் வரை முதுகு கொடுத்து நின்றாள். ஊர் பிழைத்தது. அந்த ஊர்தான் அவளைத் துரத்தியது.

கதை பஸ் ஏறிப் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து வாலாஜாபாத்திலிருந்து வந்த அரிசி வியாபாரி அதையே வேலாயுதத்துக்குச் சொன்னான். அப்போது புடவை நூறு கஜமாக வளர்ந்திருந்தது. அறுபத்தேழு தேர்தலில் ஒரு பேச்சாளர் மேடையில் பூவந்தியின் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் பட்டணத்தில் தமிழ் மாநாடு நடந்தபோது, பழைய ராணி இல்லாத ஊர் ஒரு ஊரா என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. கல்லைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி வந்தது. சிமெண்டில் மூக்கு வந்தது. மூக்கு வைத்த கொத்தன் கோபுரத்துப் பூதங்களுக்கே பழகினவன்; மூக்கு சற்றுத் தாராளமாக அமைந்துவிட்டது. பெண்கள் வளையல் சாத்தினார்கள். மாடு ஈன்றாலும் பஸ் கிடைத்தாலும் “பூவந்தி காப்பாத்தினா” என்றார்கள்.

அதுவரை அடுத்த தெருவில் இடம் கெஞ்சிக் காலம் தள்ளிய வேலாயுதம் பெருமையோடு பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார். குமாரசாமி வழியை மறித்தார். அவர் இப்போது பூவந்தி தேவி மன்றத்துத் தலைவர். தாய் முன்னால் கஞ்சி தெளிப்பதும் பாவைக் கால் மாற்றிக் கால் தாண்டுவதும் அபசாரம் என்று மன்றம் தீர்மானம் போட்டிருந்தது. முன்பு அவள் பார்வைக்குப் பயந்து பத்து கஜம் தள்ளி நின்றார்கள்; இப்போது பக்தியில் இருபது.

வேலாயுதம் அசரவில்லை. சுவடியில் கடைசி ஏடு ஒன்று உண்டு, அதைத் தான் இதுவரை வெளியே சொல்லவில்லை என்றார். பூவந்தி பிறந்ததே நெசவுக்காரர் வீட்டில்தான். பாவு நீட்டாத தெருவில் நான் இருக்கமாட்டேன் என்று அவளே வாயால் சொல்லியிருக்கிறாள்.

குமாரசாமி பொறுமையாகக் கேட்டார்.

“கறையான் தின்ன சுவடில இன்னும் எத்தினி ஏடுபா வச்சிக்கினு இருக்கிற?”

தெரு சிரித்தது. வேலாயுதம் தோளில் கிடந்த பாவோடு உள்ளே திரும்பினார்.

இரண்டு நாள் பாவு சுருட்டியபடியே கிடந்தது. மூன்றாம் நாள் தறியை மூடுவதைப் பற்றி வேலாயுதம் பேச்செடுத்தார். மனைவி கமலாட்சி காதில் வாங்கியதாகவே காட்டவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அவள் பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒரு முனையை ராணியின் வேலிக் கம்பியில் இறுக்கிக் கட்டினாள். மறுமுனையைப் புருஷன் கையில் கொடுத்து நடக்கச் சொன்னாள். வேலாயுதம் நடந்தார். இருபது கஜம் போய், தரையில் முளை அடித்துக் கட்டினார்.

தெரு கூடிவிட்டது. குமாரசாமி முன்னால் நின்றார். தேவி மேல் கயிறு கட்டினது யார் என்று கேட்டார்.

“நான்தாண்ணே கட்டினேன்” என்றாள் கமலாட்சி. “கெட்டவள்னு சொன்னீங்க, எனக்கு வாசல் இல்ல. நல்லவள்னு சொன்னீங்க, அப்பவும் வாசல் இல்ல. அவ எப்படிப்பட்டவள்னு எனக்குத் தெரியாது. எனக்கு அவ பக்கத்து வூட்டுக்காரி. நம்ம தெருவுல பாவு நீட்டினா பக்கத்து வூட்டுக்காரி ஒரு முனை புடிப்பாளா மாட்டாளா?”

புடிப்பாள். அதைத் தெருவில் யாரும் மறுக்க முடியாது. ஆனால் யாரும் கிட்ட வரவும் இல்லை. இருபது கஜத்துக்கு இரண்டே பேர், கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. குமாரசாமி கையைக் கட்டிக்கொண்டார். ராணியே பார்த்துக்கொள்வாள், ஆயிரம் இழையும் அறும் என்பது அவர் எண்ணம். நடுப்பாவில் ஓர் இழை பட்டென்று அறுந்து காற்றில் சுருண்டது. அவர் முகம் மலர்ந்தது.

இன்னோர் இழை அறுந்தது, அவருக்கு ஒரு முழத்தில்.

ஐம்பது வருஷமாக நெய்கிறவன் கண்ணெதிரே அறுந்த இழை ஆடிக்கொண்டிருந்தால், அவன் மன்றத்துத் தலைவன் என்பது விரலுக்குத் தெரியாது. குமாரசாமியின் விரல்கள் நீண்டன. இரண்டு நுனியையும் பிடித்து, எச்சில் தொட்டு, ஒரு திருகு திருகி முடிச்சுப் போட்டுவிட்டன. அதன் பிறகுதான் அவர் தன் கையைப் பார்த்தார். தெருவும் பார்த்தது. தாய் முன்னால், தலைவர், எச்சில் தொட்டு.

வேலாயுதத்தின் வாயில் இதற்கு ஏற்ற ஏடு ஒன்று வந்து நின்றது. கமலாட்சி முறைத்ததில் அதை விழுங்கிவிட்டுக் கஞ்சி தெளித்தார்.

“அண்ணே, அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு தொங்குது” என்றாள் கமலாட்சி.

குமாரசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவர் பின்னால் நாலு வீட்டுக் கைகள் வந்தன. வெயில் ஏறுமுன் பாவு முடிந்தது.