நடுவில் இருந்தவர் எழுந்த விதம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவர், நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கடத்தும் அக்காள் கணவர், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகள்.

"அங்க என்னம்மா வேலை?" என்றார் அக்காள் கணவர்.

"மருந்துக்குப் புரதம் செய்யுறோம் மாமா. அதுல நடுவுல இருக்குற ஒரு துண்டு தன்னைத் தானே வெட்டிக்கிட்டு வெளியேறும். போறப்ப ரெண்டு பக்கத்தையும் ஒட்ட வச்சிட்டுப் போகும்."

"அப்படியே நான்தான்!"

"அது போயிடும் மாமா. நீங்க ஆறு வருஷமா உக்காந்திருக்கீங்க."

ஒரு புரதத்துக்கு இருக்கும் ரோஷம் தனக்கு இல்லையா? சட்டையை நீவிவிட்டு எழுந்தவர், விறைப்பாகக் கதவோரம் போய் நின்றார்.

தம்பி செருமினான். "அண்ணே, அத்தானுக்குக் கோவமா?"

"தெரியலடா. நீ இப்படிக் கிட்ட வந்து உக்காரு."

அவரை எழுப்பிவிட்டார்கள் என்று சொந்தத்தில் பேச்சு. பொய். அவராகத்தான் எழுந்தார்.