மிச்சமிருந்த சூப்

கழுவிய தட்டுகள் மேல் மறுபடியும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாள் மருமகள். மாமனாரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் கூடத்தில் கடை ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் கையால் சாப்பிட யாருக்கும் மனமில்லை.

"நல்லாத்தானே இருந்தாரு மனுஷன்!"

"முந்தின நாள் சூப்பு. குடிச்ச ராத்திரியே வயித்தப் பிடிச்சுக்கிட்டாரு" என்றாள் நாத்தனார், சமையலறைக்குக் கேட்கும்படி.

முந்தின நாள் சூப்தான். கொதிக்க வைத்தோமா, வெதுவெதுப்பாக்கினோமா? எத்தனை யோசித்தும் மருமகளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமனார் இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியதும், மிச்சமிருந்ததை அவள் சுடவைக்காமலே குடித்தாள். வயிறு வலிக்கட்டும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. ஆனால் இளவயசு வயிற்றின் சாட்சியை எப்படி நம்புவது?

கணவனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சு. குடல்ல சாதாரணமா வாழற கிருமிதாங்க. உங்க வயித்துல, என் வயித்துல, எல்லார்கிட்டயும் இருக்கு. அங்கேயே இருக்கிறவரைக்கும் தொந்தரவு இல்ல. ஸ்கேன்ல பார்த்தோமே, அப்பாவுக்குப் பெருங்குடல் ஒரு இடத்துல பை மாதிரி உப்பி, பொத்துக்கிட்டிருந்தது. அது வழியா கிருமி வெளிய வந்து ரத்தத்துல கலந்துடுச்சு."

அவள் ஈரக்கையோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். "டாக்டர், நான் பழைய சூப்பு குடுத்தேன்..."

"அதால இல்லம்மா. கெட்டுப்போன சாப்பாட்டுல வர்ற கிருமியையும் தேடினோம், இல்ல. அந்தப் பை பல வருஷமா இருந்திருக்கும். வெறும் தண்ணி குடுத்திருந்தாலும் இதேதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாத்தனார் தொடாமலே வைத்திருந்த ரொட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்:

"மிச்ச சூப்ப என்ன பண்ணின?"

"குடிச்சிட்டேன் அண்ணி. எனக்கும் வலிக்குதான்னு பார்க்க."

"அறிவிருக்கா உனக்கு? ஏதாவது ஆகியிருந்தா? ஒரே வாரத்துல ரெண்டு பேரையா தூக்கிட்டுப் போறது?"

மருமகள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எழுந்திரு. நானும் காலையிலேருந்து பட்டினி. முட்டை இருக்கா?"

"இருக்கு. எத்தனை போடட்டும்?"

"ரெண்டு. உனக்கும் போட்டுக்க."

தட்டு எடுத்து வைக்கும்வரை நாத்தனாருக்குப் பொறுமையில்லை. அடுப்பருகே நின்றபடியே வாணலியிலிருந்து பிய்த்து, ஊதி ஊதித் தின்றாள்.