கவிழ்த்துப் பார்த்த மோட்டார் சைக்கிள்

ஒரு மோட்டார் சைக்கிளை ஒரே ஒரு தடவை நாக்கால் தொட்டு, அது ஏரியில் எந்த இடத்தில், எந்தப் பக்கமாக முங்கியது என்று சொன்னவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். சந்தேகம் இருந்தால் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்துக்குப் படகு விடும் என் மச்சான் தாமோதரனைக் கேளுங்கள். அன்றைக்கு என்னை நம்பாத ஒரே ஆள் அவன்தான்.

எனக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள சம்பந்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் கிடையாது. பழவேற்காட்டில் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சைக்கிளுக்கே செயின் மாட்டத் தெரியாமல் பாதி நாள் தள்ளிக்கொண்டு போனவன். ஆனால் பென்ஷன் வர ஆரம்பித்த பிறகு எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் மிச்சமில்லை.

வண்டி வேண்டியிருந்தது என் மனைவி குணசுந்தரிக்கு. ஏரியில் இறங்கிக் கையாலேயே நண்டு பிடிப்பவள் அவள். நண்டு உயிரோடு பொன்னேரி போய்ச் சேர்ந்தால்தான் காசு. செத்த நண்டைக் காக்காய் கூடத் திரும்பிப் பார்க்காது. ஷேர் ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் கூடையிலிருந்து நழுவிய நண்டு ஒன்று, பக்கத்தில் இருந்த பெரிய மனிதரின் கால் பெருவிரலைக் கவ்விவிட்டது. அவர் போட்ட கூச்சலில் ஆந்திராப் பக்கத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. அதற்குப் பிறகு எந்த ஆட்டோவும் அவளுக்கு நிற்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெயிலிலேயே பாதிக் கூடை செத்துப்போனது. இப்படியே போனால் தொழிலை விட வேண்டியதுதான் என்ற நிலைமை. ஆகவே வண்டி. ஓட்டப்போவது அவள். கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காரப்போவது நான்.

வண்டியைக் கண்டுபிடித்தவன் அவள் தம்பி தாமோதரன். காட்டூர் விவசாயி தனக்கோடியின் வண்டி.

"நெல்லு மூட்ட மட்டுந்தான் ஏத்தினு போயிருக்குது மாமா. உப்புக் காத்தே படாத வண்டி" என்றான்.

எங்கள் பக்கம் அது பெரிய வார்த்தை. ஏரியின் உப்புத் தண்ணீர் புகுந்த வண்டி வெளியே மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். உள்ளே வயரெல்லாம் அரித்துப்போய், ஆளில்லாத ரோட்டில் படுத்துக்கொள்ளும்.

டச்சுக்காரர் கல்லறை வாசலில் நிழல் இருக்கிறது என்று வண்டியை அங்கே கொண்டுவரச் சொன்னோம். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். நான் வேட்டியை மடித்துக் கட்டியதும் அவையே கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தன.

என் நைனா பழைய படகு வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நானும் பெட்ரோல் டேங்கிலிருந்து பின் மட்கார்டு வரை தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன்.

"உள்ள யாரும் இல்ல மாமா" என்றான் தாமோதரன்.

அடுத்தது, படகைக் கவிழ்த்து அடிவயிற்றைப் பார்ப்பது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம், அடிவயிறு பொய் சொல்லாது என்பார் நைனா.

"வண்டிய கவுத்துப் போடுங்க" என்றேன்.

தனக்கோடி திகைத்துப்போனார். "இன்னா பெரியவரே, இது வண்டி! படகு இல்ல."

"அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். எதையும் ஓட்டுனது இல்ல" என்றாள் குணசுந்தரி.

ஆனாலும் நான் விடவில்லை. வண்டியை மணலில் படுக்க வைத்தார்கள். டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்து நேரே என் வேட்டிக்கு வந்தது. ஐயோ என்று துள்ளினேன். கால் வழுக்கியது. தபால் இலாகாவுக்கே உரிய கம்பீரத்தோடு குப்புற விழுந்து, எஞ்சினின் அடிவயிற்றில் ஆழமாக ஒரு முத்தம் கொடுத்தேன். என் கல்யாணத்தில் கூட அவ்வளவு மனப்பூர்வமாகக் கொடுத்ததில்லை.

எழுந்தபோது வாயெல்லாம் கிரீஸ். அதற்கு அடியில், உப்பு. கருவாட்டுப் பானையைக் கழுவிக் குடித்த மாதிரி உப்பு.

விழுந்ததே ஒரு சோதனை முறைதான் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். "இந்த வண்டி ஏரியில முங்கியிருக்குது."

தாமோதரன் விழுந்து விழுந்து சிரித்தான். "அது உன் மீச வேர்வ மாமா! காட்டூர்ல ஏது உப்பு ஏரி? கத வுடாத!"

அவன் சிரிக்கச் சிரிக்க எனக்கு வெறி வந்துவிட்டது. வாய்க்கு வந்ததை அள்ளி விட்டேன். "பசியாவரம் போற வழியில, சிப்பித் திட்டு தாண்டி, சேத்துல. தலகீழா!" சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. சும்மா முங்கியது என்றால் எடுப்பாக இல்லையே என்று இடத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

குணசுந்தரி மட்டும் சிரிக்கவில்லை. படுத்திருந்த வண்டியின் சீட்டுக்கு அடியில், நண்டு வளைக்குள் விடுவதுபோலக் கையை விட்டாள். காய்ந்த கறுப்புச் சேறு வந்தது. சேற்றில் பொடி நண்டு ஒன்று, வற்றி, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு.

"காட்டூர் வயல்ல மட்டும் நண்டு இல்லியாக்கா?" என்றான் தாமோதரன். குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

"எனக்கே நண்டு காட்டுறியா? இது ஏரி நண்டுடா." அவள் அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள். "சரி, நீ சொல்றதே நெசமா இருக்கட்டும். நாளிக்கே வாங்கிக்கிறேன். நடுரோட்டுல இது நின்னுபோச்சுன்னா, என் நண்டுக் கூடைய நீ தலையில தூக்கினு வெய்யில்ல பொன்னேரிக்கி நடப்பியா? அத்த மட்டும் சொல்லு."

தாமோதரன் நண்டைப் பார்த்தான். தனக்கோடி கல்லறைச் சுவரைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன், சொல்லிட்டு வித்துக் குடுன்னு" என்று தாமோதரனிடம் முணுமுணுத்தார் அவர். "முக்குனவன் நீ. நான் எதுக்குப் பொய் சொல்றது?"

"டேய்" என்றாள் குணசுந்தரி.

தாமோதரன் தலையைச் சொறிந்தான். "இவரு எறா வாங்க வந்தாரு, அக்கா. வண்டியோட அக்கரைக்கு ஏத்தினு போனேன். படகு ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. நாலு பேரு வலையப் போட்டு இழுத்தோம்." பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கிரீஸ் வழியும் என் வாயை ஒரு நிமிஷம் பயத்தோடு பார்த்தான்.

"சிப்பித் திட்டு தாண்டித்தான் மாமா. தலகீழாத்தான்."