முந்தானையில் முடிந்த ரோட்டார்

நாத்தனார் கரண்டியால் ஊற்றிய மண் கரைத்த தண்ணீர் சோமசேகரனின் கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது.

"உள்ள போயிருக்கு. தொண்டை அசைஞ்சுதே," என்றாள் நாத்தனார்.

தொண்டை அசையவில்லை. தையல்நாயகி துண்டு நுனியால் கணவரின் தாடையைத் துடைத்தாள். எழுந்து சன்னலுக்குப் போனாள். திரும்பி வந்து சொம்பை நகர்த்தி வைத்தாள். மறுபடி சன்னலுக்குப் போனாள்.

"ஒரு எடத்துல உக்காரேன் தையலு. உன்னப் பாத்து எனக்குத் தலைய சுத்துது."

"உக்காந்துதான்க்கா இருக்கேன்," என்றாள் தையல்நாயகி, நின்றுகொண்டே. கை தன்பாட்டுக்கு இடுப்புக்குப் போய் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தது. இருந்தது.

முந்தின நாள் சாயங்காலமே ஆஸ்பத்திரியில், "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கோட்டுச்சேரியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உறவுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். பொழுது விடிந்து, காப்பி குடித்து, இட்லியும் வாங்கிவந்து தின்றாயிற்று. பந்தல்காரர்கூட வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி போய்விட்டார். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் தையல்நாயகியும் மூச்சை நிறுத்திக்கொண்டாள். அவருக்கு அடுத்தது வந்த பிறகுதான் தன்னுடையதை விட்டாள்.

அப்படி இழுத்தால் மனசில் ஏதோ ஆசை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாத்தனாரிடம் இதிலெல்லாம் மறுபேச்சு பேச முடியாது. பால் ஊற்றியாயிற்று. அம்மா காலத்துத் தங்கக் காசை உரசி ஊற்றியாயிற்று. ஆளனுப்பி வயல் மண்ணை எடுத்துவரச் சொல்லி அதையும் ஊற்றியாயிற்று.

"பொன்னும் இல்ல, மண்ணும் இல்ல. வேற எதப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கான் எந்தம்பி?"

மகன் ரஞ்சித்குமார் கதவருகே நின்றிருந்தான். புதுச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவன். அழுது கண் சிவந்திருந்தது. "உங்களுக்குத் தெரியாதா அத்தை? அப்பாவோட ஆசை கொட்டகையில நிக்குது," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சன்னல் வழியாக ஒரே பக்கம் பார்த்தார்கள்.

சன்னலுக்கு நேரே தகரக் கொட்டகையில் பழைய பூஜோ கார் நின்றது. பிரெஞ்சுக்காரத் துரை ஒருவர் காரைக்காலில் ஓட்டிவிட்டு, கப்பலேறும்போது விட்டுப்போன கார் என்பார்கள். சோமசேகரன் ஒரு தென்னந்தோப்பில் அதைக் கண்டெடுத்தபோது பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மின்துறையில் வேலை பார்த்த மனுஷன், கம்பத்து வேலை போக மிச்ச ஆயுளை எல்லாம் அந்தத் தகரத்தில் போட்டார். நாகூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்த நாகூர் மீரான் கூட்டாளி. கிடைக்காத சாமானுக்குப் பாரீசில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். பேசாமல் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம் என்று மீரான் ஒரு தடவை வாயைவிட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் இன்ஜின் மேல் கைவைக்காமல், முன்பக்கத்தை மட்டும் தாழ்த்திப் பின்னால் அகல டயர் போடுவதென்று சமாதானம் ஆனார்கள்.

ஸ்டீயரிங் இடப்பக்கம். வலப்பக்கம் சும்மா உட்கார்ந்து போகும் தையல்நாயகியைப் பார்த்து கடைத்தெருவே வாயைப் பிளக்கும். "ரெண்டு கையையும் மடியில வச்சிக்கிட்டு ஓட்டுறியேம்மா" என்று ஒரு போலீஸ்காரர் அவளிடம்தான் சண்டைக்கு வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் காரைச் சக்களத்தி என்று திட்டித் தீர்த்தாள். மறு வெள்ளிக்கிழமை பூ வாங்கி அதன் கண்ணாடியில் தொங்கவிட்டவளும் அவள்தான்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இதயம் வீங்கியிருக்கிறது, படிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன அதே வாரம் சோமசேகரன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு திருவேட்டக்குடி கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார். வழியில் வண்டி நின்றிருக்கிறது. இன்ஜினைக் கிளப்ப முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றப் போய் மயங்கி விழுந்தவரை மீன்காரப் பெண்கள்தான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். காரை மீரான் கட்டி இழுத்துவந்து விட்டுப்போனதும் தையல்நாயகி கொட்டகைக்குள் நுழைந்தாள். பானட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் கொக்கிகளைத் தட்டிவிட்டு, உள்ளே இருந்த ரோட்டாரை உருவி எடுத்துக்கொண்டாள். ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. இந்த வித்தையைக் காட்டிக்கொடுத்தவர் அவரேதான். வேளாங்கண்ணியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலுக்கு நடக்கும்போது அதைக் கழற்றி அவள் கையில் கொடுப்பார். "முடிஞ்சி வச்சிக்க. இது உங்கிட்ட இருக்கிற வரைக்கும் எவனும் வண்டியக் கெளப்பிக்கிட்டுப் போக முடியாது."

இரண்டு நாள் கழித்து அவர் கொட்டகைக்குப் போனார். மூடியைத் திறந்தார், மூடினார். திரும்பி வந்து காப்பி கேட்டார். எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மீரானிடமும் மூச்சுவிடவில்லை. அதற்கப்புறம் படுக்கையில் விழும்வரை துணியை வைத்துக்கொண்டு காரைத் துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தார். திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி ஆறியிருப்பாள். கேட்காமல் இருந்ததுதான் அவளைப் போட்டு அறுத்தது.

காரைக் கிளப்பி அந்தச் சத்தத்தை அப்பா காதில் விழவைக்கலாம் என்று ரஞ்சித்குமார் செல்போனில் கூப்பிட்டதும் மீரான் பேட்டரியும் பெட்ரோல் கேனுமாக வந்து இறங்கினார். உள்ளே வந்து சோமசேகரனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

"நல்ல காரியம் அண்ணி. அந்தச் சத்தத்த ஒரு தடவ கேட்டாருன்னா..." பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

கேட்டாருன்னா என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஓடி ஓடிச் செய்கிறார்கள். இவர்களுக்கு என்ன இத்தனை அவசரம்? தையல்நாயகி அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எதற்கு என்று தெரியாமல் அணைத்தாள். கொல்லைக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து, மறுபடி கொடியிலேயே போட்டாள். கொட்டகையில் ஸ்டார்ட்டர் முக்கி முனகிற்று. பற்றவில்லை. ஒவ்வொரு முனகலுக்கும் முடிச்சு அவள் இடுப்பில் உறுத்தியது.

"அண்ணி!" மீரான் சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "உள்ள ரோட்டாரக் காணோம். அண்ணன் எங்கயாச்சும் கழட்டி வச்சாரா?"

"எனக்கென்ன தெரியும்? ஆணும் பொண்ணுமா அத்தனை பேரு இருக்கீங்க, தேடுங்களேன்!"

அவள் அவரிடம் அப்படிச் சீறியதே இல்லை. மீரான் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரிங்கண்ணி" என்று திரும்பிப் போனார். கொட்டகையில் டப்பாக்களைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. ரஞ்சித்குமார் சீட்டுக்கடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.

"போற உசுரு இப்புடிக் கெடந்து சீரழியுது. எந்தப் பாவி எடுத்து வச்சிருக்கானோ," என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "நானும் போயித் தேடுறேன்" என்று எழுந்து வெளியே போனாள்.

மற்றவர்களும் கூடவே போய்விட, அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். இழுப்பு இப்போது தொண்டையில் கரகரத்தது. நெற்றி வேர்த்து, உதடு காய்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் எலும்பு மேலே ஏறி இறங்கிற்று. தையல்நாயகி அப்போதுதான் உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வேர்வையில் இறுகிப்போய் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

ரோட்டாரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மெல்ல மடங்கின. கட்டைவிரல் அதன் தலையில் இருந்த பித்தளைத் தகட்டைத் தடவிப் பார்த்தது.

"நாந்தான் எடுத்தேன்," என்றாள். "உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுகிட்டே கேக்காம இருந்தீங்கள்ல?"

கண் பாதி திறந்தபடி கிடந்தது. இழுப்பு ஒன்று வந்து போயிற்று. அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்துக்கொண்டாள்.

கொட்டகைக்கு அவள் வந்ததும் எல்லோரும் ஒதுங்கினார்கள். எவரிடமும் கொடுக்காமல் குனிந்து தானே மாட்டினாள். அது ஒரு வாக்கில்தான் உட்காரும், சரியாக உட்கார்ந்தது. நாத்தனார் வாயைத் திறந்தாள். "போட்டாச்சுல்ல, விடுங்க" என்று மீரான் மூடியை வைத்துக் கொக்கிகளை மாட்டினார்.

இரண்டு தடவை இருமி, கொட்டகை முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. நாத்தனார் நெடி தாங்காமல் வாசல் பக்கம் ஓடினாள். தையல்நாயகி அறைக்கு ஓடிவந்தாள்.

சோமசேகரனின் புருவம் சுருங்கியிருந்தது.

அந்தச் சுருக்கம் அவளுக்குத் தெரியும். போன வருஷம் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தபோது, படுக்கையிலிருந்தே சத்தத்தைக் கேட்டு விரலைக் காட்டுவார். அவள் சன்னலில் நின்று, கார்புரேட்டரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு நிற்கும் மீரானுக்கு அதையே காட்டுவாள். விரல் வலப்பக்கம் சுற்றினால் முடுக்கு. இடப்பக்கம் என்றால் தளர்த்து. கையை விரித்து வைத்தால் போதும், இனிமேல் தொடாதே. "எங்க வீட்டு ரயில்வே சிக்னல்" என்று அவளைக் கேலி செய்வார்.

போர்வை மேல் கிடந்த ஆள்காட்டி விரல் கொஞ்சமாக அசைந்தது. வலப்பக்கம்.

அவள் சன்னலுக்குத் தாவினாள். கம்பிக்கு வெளியே விரலைச் சுற்றிக் காட்டினாள். மீரான் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். பிறகு அவசரமாகக் குனிந்து ஸ்க்ரூவைத் திருகினார். சத்தம் உயர்ந்தது. விரல் மறுபடி வலப்பக்கம். காட்டினாள். இன்ஜின் படபடத்தது. இப்போது இடப்பக்கம், துளியோடு துளி. அதையும் காட்டினாள். படபடப்பு அடங்கி, ஒரே சீராக, மெத்தென்று ஓடத் தொடங்கியது. சன்னல் கம்பியில் வைத்த கையில் அந்த அதிர்வு ஏறியது.

திரும்பிப் பார்த்தாள். புருவம் பிரிந்திருந்தது. அவர் கை போர்வை மேல் விரிந்து கிடந்தது.

இன்ஜின் சத்தத்தில் மூச்சு கேட்கவில்லை. நெஞ்சைப் பார்த்துக்கொண்டே அடுத்ததுக்காகத் தன் மூச்சை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியபடியே நின்றாள். தாங்க முடியாமல் போனபோது அவள்தான் விட்டாள்.

கொட்டகையில் மீரான் ஸ்க்ரூவிலிருந்து கையை எடுக்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று தலையை அசைத்துக் கேட்டார்.

தையல்நாயகி கம்பிக்கு வெளியே கையை நீட்டி விரித்துக் காட்டினாள்.

மீரானின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா அண்ணி! அண்ணன் காது அண்ணன் காதுதான்!" என்று சத்தத்துக்கு மேலே கத்தினார். "இதுக்கு மேல தொடமாட்டேன்னு சொல்லுங்க!"

அவள் தலையாட்டினாள். கார் ஓடிக்கொண்டிருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.