ஓரக்கண்

கார் ஓட்டப் பழக வந்த தையல்காரம்மா யாரும் சொல்லாமல் தானாகவே பிரேக்கை மிதித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வண்டி குலுங்கி நின்றது. முன்னால் ஒரு சைக்கிள்காரர் தடுமாறி, இருவரையும் முறைத்துவிட்டுப் போனார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் பிரேக்கக்கா என்று கூப்பிடுகிற ஆசிரியை, பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கைத் தொடக்கூட இல்லை. அவளைப் பொறுத்தவரை அந்தச் சைக்கிள் பக்கத்துச் சந்திலிருந்து வரவில்லை. நடுச்சாலையில் திடீரென்று முளைத்தது.

"அக்கா, நீங்க அவரைப் பாக்கவே இல்லையா?"

"பாத்தேன். நீங்க என்ன பண்றீங்கன்னு சும்மா இருந்தேன்."

பொய் சரளமாக வந்ததுதான் அவளை உலுக்கியது. கொஞ்ச காலமாகவே கதவு நிலைகள் தோளில் இடித்துக்கொண்டிருந்தன. "வீட்டை இடிச்சுக் கட்டிரலாமா, இல்ல உன்னையா?" என்று கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் கணவர் சிரிப்பார். காலையில் எழும்போதே தலைவலி. நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனதை உடம்புச் சூடு, அலைச்சல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. சைக்கிளுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. பள்ளிக்குத் திரும்பியதும் சாவியை முதலாளியின் மேசையில் வைத்தாள். "கண்ணைக் காட்டிட்டு வர்ற வரைக்கும் நான் வண்டியில உக்கார மாட்டேன் சார்."

கண் மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நிறைய அழுத்தியதாகத்தான் நினைத்தாள். வந்த படத்தில் இரண்டு கண்களுக்கும் வெளிப்பக்கம் கறுப்பாக இருந்தது, குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல. கண்ணாடி எழுதித் தருவார்கள் என்று வந்தவளைத் தலைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள்.

மூளை அறுவை மருத்துவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கிடுகிற இடம். அதற்குக் கீழே, உடம்பின் சுரப்பிகளுக்கெல்லாம் தலைமையான பிட்யூட்டரி. இரண்டையும் நெருக்கிக்கொண்டு ஒரு கட்டி.

"பேரு கிரானியோஃபரிஞ்சியோமா. புற்றுநோய் இல்லம்மா. ஆனா உக்காந்திருக்கிற இடம் ரொம்ப மோசம். ஓரப்பார்வை போனது, தலைவலி, மாதவிடாய் நின்னது எல்லாமே இதனாலதான். உள்ள சுண்ணாம்பு மாதிரி கெட்டியா கொஞ்சம், பழைய இன்ஜின் ஆயில் மாதிரி தண்ணி கொஞ்சம்."

கணவர் தொண்டையைச் செருமினார். "அப்ப ஆயில் மாத்தணும்னு சொல்றீங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். மேசைக்கு அடியில் அவர் கை அவள் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தது.

மூக்கு வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். கண் விழித்தபோது மூக்கு அடைத்திருந்தது, தொடையில் எரிச்சல். அங்கிருந்து கொழுப்பு எடுத்து, மூக்குக்குள் போட்ட துளையை அடைத்திருந்தார்கள். கணவர் கட்டில் ஓரத்தில் குனிந்து, "தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணுமாம். மூக்கைச் சிந்தவே கூடாதாம்" என்று ஒப்பித்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"உங்களுக்கு அந்தப் பக்கம் பச்சை வாளியோட போறது யாரு?"

அவர் திரும்பினார். சுவரோரமாகத் துப்புரவுப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவள் கதவைத் தாண்டிப் போன பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார். திரும்பியபோது கன்னம் நனைந்திருந்தது. "வாளி பச்சைதான்" என்றார்.

அதோடு முடிந்துவிடவில்லை. குடம் குடமாகக் குடித்தாலும் அடங்காத தாகம் வந்தது. குடித்ததெல்லாம் நிற்காமல் சிறுநீராகப் போனது. செவிலியர்கள் இரண்டையும் அளந்தபடியே இருந்தார்கள். உடம்பு சுரக்க மறந்ததையெல்லாம் இனி மாத்திரைதான் தர வேண்டும், ஆயுசுக்கும். காய்ச்சல் வந்தால் அதில் ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும், ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ரத்தக்குழாயில் ஒட்டியிருந்த கட்டியின் சிறு துண்டைத் தொடாமல் விட்டிருந்ததால் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். முகத்துக்கென்றே வார்த்த வலைமுகமூடியைப் பூட்டி அசையாமல் படுக்கவைக்கும்போது, மனசுக்குள் கியர் மாற்றிக்கொண்டே கிடப்பாள். உடம்பு ஊதியது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து அழுத நாளும் உண்டு. கணவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுபடி அந்த வெள்ளைக் கிண்ணம். ஒளிப்புள்ளிகள் எங்கெங்கிருந்தோ வந்தன. கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு அழுத்தினாள். படத்தைப் பார்த்த கண் மருத்துவர், "இடது கண்ணுல, மேல் மூலையில மட்டும் கொஞ்சம் கறுப்பு. அது அப்படியே இருக்கலாம். வண்டியில தாராளமா உக்காருங்க" என்றார். வீட்டுக்கு வந்தவள் கதவு நிலைகளுக்குள் இடிக்காமல் இரண்டு தடவை போய் வந்தாள். கணவர் கைதட்டினார்.

பயிற்சிப் பள்ளி வாசலில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"லைசென்ஸ் எடுத்திருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்?"

"வேற ஒருத்தர்கிட்ட அனுப்பினாங்க. அவர் சும்மா சும்மா கத்துறார். நீங்க வரட்டும்னு தையலையே பாத்துட்டு இருந்துட்டேன்."

மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் லாரி, பின்னால் பேருந்து. லாரி நகர்ந்ததும் பேருந்து ஹாரன் அடித்தது. தையல்காரம்மா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது.

"அக்கா, நீங்க மிதிச்சுருங்க."

"மாட்டேன். உங்களுக்கு வரும். கிளட்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா."

அவள் கால்களை இருக்கையோடு ஒட்டி மடக்கிக்கொண்டாள். இன்ஜின் உறுமியது, முனகியது, பிறகு வண்டி முன்னால் எம்பியது. தையல்காரம்மா, "ஏறுது! அக்கா, ஏறுது!" என்று கத்தினாள். பாலத்தின் உச்சியில் காற்று அடித்தது. பிரேக்கக்கா தலையைத் திருப்பவில்லை. நேராகச் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மொட்டைமாடிகளும் உலரும் துணிகளும், மறுபக்கம் தண்டவாளமும் அதில் வளைந்து வரும் ரயிலும், ஊர் முழுவதும் இரண்டு பக்கமாக விரிந்துகொண்டே வந்தது.